தாத்தாவின் பேர் எந்த ஏட்டில் இருக்கிறது?

இலங்கை மலையகத்தின் வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மனிதனுக்கு மூன்று பேர் இருப்பது அதிசயமில்லை. செக்ரோல் என்ற தோட்டப் பேரேட்டில் கறுப்பன், பிறப்புப் பத்திரத்தில் கருப்பையா, அடையாள அட்டையில் கருப்பையன். கவ்வாத்துக்கும் கானு வெட்டுக்கும் போன காலம் முழுக்க மூன்று பேரும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். அந்த ஆள் கண்ணை மூடியபின், ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்காக மகள் கந்தோர் வாசலில் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியும். மூன்று பேரும் மூன்று ஆளாகிவிடுவார்கள். ‘இவர்தான் உங்கள் அப்பா என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்விக்குப் பதில் தேடியே பல பெண்கள் கூலி நாள்களை இழந்திருக்கிறார்கள்.

ஆகவே பூர்வீகம் தேடுவதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேமலாப நிதி, ஏழு பேர்ச் காணியின் உறுதி, அடையாள அட்டை, பிள்ளையின் பாஸ்போர்ட் என நாம் கையேந்தி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் முந்தைய தலைமுறையின் பேர் ஒன்று தேவைப்படுகிறது.

உலகத்தில் இந்தத் தேடலைப் பெரிய அளவில் செய்கிறவர்களில் அயர்லாந்து வழி வந்தவர்கள் முக்கியமானவர்கள். பஞ்சத்திலும் வறுமையிலும் ஊரைவிட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தங்கள் பாட்டனின் ஊரைத் தேடுகிறார்கள். அங்கே ஏடுகளுக்கு நேர்ந்த கதி பரிதாபமானது. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொதுப் பதிவேட்டுக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் மிகப் பெரும்பகுதி அன்றோடு சாம்பல். முழுதாக மிஞ்சியவை 1901, 1911 ஆண்டுகளின் ஏடுகள்தான். ஆனால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1847க்கும் 1864க்கும் இடையில் காணி வரிக்காக எடுத்த மதிப்பீட்டுப் பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். மாதா கோயில் ஞானஸ்நான ஏடுகளைப் புரட்டினார்கள். அபூர்வமான குடும்பப் பெயர் உள்ளவருக்கு வேலை இன்னும் எளிது. அந்தப் பேர் நாட்டில் இரண்டு மூன்று ஊர்களில்தான் இருக்குமென்றால் தேட வேண்டிய இடமும் அவ்வளவுக்குச் சுருங்கிவிடும். எழுத்துக்கூட்டு மாறுவதும், பேரின் முன்னொட்டு ஒரு தலைமுறையில் உதிர்ந்து அடுத்ததில் ஒட்டிக்கொள்வதும் அவர்களுக்கும் உள்ள தொல்லைதான்.

நமக்கோ குடும்பப் பெயரே இல்லை. அப்பாவின் பேர் மகனுக்கு முதலெழுத்தாகும், பேரனுக்கு அதுவும் இருக்காது. இரண்டு தலைமுறையில் ஒரு மனிதன் ஏட்டிலிருந்து மறைந்துவிடலாம். ஆனால் நம்மிடமும் சாவி இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பாட்டன் பேரை மூத்த பேரனுக்கு விடுவது நம் வழக்கம். ஆகவே பழைய பிறப்புப் பத்திரங்களை வரிசையாக வைத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேர் திரும்பிவரும். இரண்டாவது சாவி குலதெய்வம். முனியாண்டியும் மதுரைவீரனும் எங்கும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் மட்டும் வேறொரு பேர் சொல்லிப் பொங்கல் வைப்பார்களென்றால், அபூர்வக் குடும்பப் பெயர் அயர்லாந்துக்காரருக்குச் செய்யும் வேலையை அந்தச் சாமி உங்களுக்குச் செய்யும். அந்தப் பேரில் கோயில் உள்ள ஊர்கள் சில மட்டுமே இருக்கும்.

எங்கள் அப்பாயி ஊர்ப் பேர் சொல்ல மாட்டார், ‘தொறையூர் பக்கம்’ என்பார். சாமி பேரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். அதை எழுதி வைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்று வீட்டில் அந்தப் பேரைச் சரியாகச் சொல்ல ஆள் இல்லை.

இனி, நம்மைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்கள். கோப்பிக் காலத்தில் கால்நடையாய் வந்தவர்கள் பேரில் அதிகம் கிடைக்காது. 1820களில் தொடங்கிய அந்த வருகையில் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்து, வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்களைத் தலைக்கணக்காக எண்ணினார்கள், பேர் சொல்லி எழுதவில்லை. 1880களில் ரயில் பாதை வட்டகொடை வழியாக நானுஓயாவரை நீண்டது. தேயிலை காடேறிய காலமும் அதுதான். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது.

முதலாவது துண்டு. கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதி, அதைக் கட்டினால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்று தொழிலாளியைக் கட்டிப்போட்ட சீட்டு அது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. அதற்கு முன்பே, 1901 வாக்கில், தகரத்துண்டு வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் நம்மவர்களை ஏற்றி அனுப்பினார்கள். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் அப்படி ஒன்று கிடந்தால், பழம்பொருள் வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நாலு காசுக்குப் போனால் உங்கள் குடும்பம் முதலில் இறங்கிய தோட்டத்தின் தடயமும் அதோடு போய்விடும்.

1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்கென்றே திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஏற்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. ஏறுமுன் மண்டபம் கேம்பில் நிறுத்தி, நோய் பார்த்து, பேர் பதிந்தார்கள். 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் வருவதைத் தடுத்தது. ஆகவே உங்கள் முன்னோர் யாரோ ‘மண்டபத்துல ஊசி போட்டாங்க’ என்று சொல்லியிருந்தால், அவர் வந்த காலத்தை அந்தச் சொல்லைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம்.

தோட்டத்துக்குள் வந்தபின் செக்ரோல். யார், எந்தக் கங்காணியின் ஆள், எந்த டிவிசன், எத்தனை நாள் வேலைக்குப் பேர் விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது கைமாறியவற்றில் இந்தப் புத்தகங்களும் அடங்கும். கரையான் தின்றவையும் மழை நனைத்தவையும் போக மிச்சம் இருப்பவை இன்னும் சில கந்தோர் அலமாரிகளில் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஏடு உண்டு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்றவற்றின் வழி வந்த ஆலயங்களிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் ஞானஸ்நான, விவாக ஏடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

நம் வரலாற்றில் மிகக் கொடிய காலம்தான் நமக்கு மிக விரிவான காகிதத்தையும் விட்டுச்சென்றது என்பது என்னை எப்போதும் உறுத்தும். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதிக்குத் தேர்வானவர் சி.வி. வேலுப்பிள்ளை. நமக்குப் பக்கத்திலுள்ள மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு வாக்களித்த நம் தாத்தாக்கள் அன்றைய வாக்காளர் இடாப்பில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே, நம்மவர்களை வெளியே நிறுத்திய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தாருக்கான 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பிரஜாவுரிமை பெற, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் 1946க்கு முன் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரே லயத்து வரிசைக் குடியிருப்பில் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தம்பி சிலோன் பிரஜை என்று குடும்பங்கள் பிளந்தது அப்போதுதான்.

அந்த மனுக்களில் வந்த காலம், பிறந்த இடம், மனைவி மக்கள் விவரம் எல்லாம் எழுத வேண்டியிருந்தது. ஆகவே ‘பிரஜாவுரிமை சர்ட்டிபிகேட்’ என்று வீட்டில் ஒரு பழுப்புக் காகிதம் இருந்தால் அதன் இலக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது தொலைந்திருந்தால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில் கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் பிரஜைகளாகிவிட்டார்கள். ‘உங்க தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இல்லையே’ என்று இன்று எந்தக் கந்தோரில் யார் சொன்னாலும், தலைகுனிந்து திரும்பாமல் இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

கேட்பதற்கு இன்னொரு கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். அரச நிறுவனம் ஒன்றிடம் உள்ள ஏட்டைப் பற்றி எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 14 வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாள்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. தமிழில் எழுதியதற்காகத் திருப்பி அனுப்பினால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

பிறப்புப் பதிவுக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பேரைச் சொல்லியவர் தாய், கேட்டவர் தோட்டத்து உத்தியோகத்தர், எழுதியவர் பதிவாளர். மூன்று வாயும் மூன்று மொழியும் தாண்டும்போது லெட்சுமி லச்சிமியாகி, லட்சுமியாகி விடுகிறாள். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் பிழை திருத்தவும், காலம் கடந்து பதியவும் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய், முதலில் ஏட்டைத் தேடித் தரச் சொல்லுங்கள். பேர் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த படிகளுக்கு அந்தத் தாள்தான் ஏணி. இரண்டு பேரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக் கடதாசி பல இடங்களில் உதவும். ஆனால் ஏட்டைத் திருத்துவதற்கு அது ஈடாகாது. வழக்கு என்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவர்களுக்குக் கட்டணமின்றி உதவுகிறது.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். தரகர்தான் முதல் ஆபத்து. ‘இந்தியாவுல பூர்வீகம் எடுத்துத் தர்றேன், மூலப் பத்திரத்தக் குடுங்க’ என்று வருகிறவரிடம் மூலப் பத்திரம் கொடுக்கவே கூடாது, நிழற்படி போதும். பொருந்தாத பேரைப் பொருத்திக் காட்டுவதற்காகப் பொய்க் கடதாசி முடித்தால் கையெழுத்திட்ட நீங்களும் குற்றவாளிதான். பிள்ளைகள் உற்சாகத்தில் பழைய பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் படம் பிடித்து முகநூலில் போடுகிறார்கள். இலக்கங்களை மறைக்காமல் போடுவது வீட்டுச் சாவியைச் சந்தியில் தொங்கவிடுவதுதான்.

இன்னொன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். பழைய ஏடுகளில் சாதி எழுதியிருக்கும். கேம்பிலும் தோட்டத்திலும் அதைக் கேட்டு எழுதினார்கள். தேடிப்போகிற இளைஞர் ஒருவர் தன் வீட்டார் சொல்லிவந்ததற்கு மாறான சொல்லை அங்கே காணலாம். அதை அடுத்த லயத்துக்குக் கதையாக்காதீர்கள். உங்கள் ஏட்டைத் தேடும் உரிமை உங்களுக்கு உண்டு, அடுத்தவர் ஏட்டைப் பேசும் உரிமை இல்லை.

கடலுக்கு அப்பால் போனவர்களைத் தேடுவோருக்கு: ஒப்பந்தத்தில் போன குடும்பங்களில் பலர் நீலகிரியிலும் வால்பாறையிலும் 1968இல் தொடங்கிய தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களிடம் அப்போது கொடுத்த குடும்ப அட்டை இருக்கும். அதில் இங்குள்ள தோட்டத்தின் பேரும் அங்குள்ள சொந்த ஊரும் ஒருங்கே இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், எத்தனையாவது தலைமுறைவரை ஏற்பார்கள், எந்தக் காகிதம் கேட்பார்கள் என்பதைக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். தரகர் வாயால் கேட்க வேண்டாம்.

கந்தோருக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. லயத்தில் மூத்த கிழவி யாரோ அவர் பக்கத்தில், அடுப்படி வெக்கையில், கைப்பேசியின் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு உட்காருங்கள். ஊர்ப் பேரைக் கேட்டால் தெரியாது என்பார். பதிலாக, ஊரில் எந்த ஆற்றில் குளித்தார்கள் என்று அவருடைய அம்மா சொன்னார், எந்தச் சந்தைக்குப் போனார்கள், எந்தச் சாமிக்குக் கிடா வெட்டினார்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தார், வட்டகொடைக்கு முன் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், யாருடைய பேரை யாருக்கு விட்டார்கள் என்று கேளுங்கள். ஒப்பாரி ஒன்று பாடச் சொன்னால் அதற்குள்ளும் ஊர் வரும். முடிந்ததும் அவருடைய பேரை அவர் வாயாலேயே ஒருமுறை முழுதாகச் சொல்லச் சொல்லி, எந்த ஏட்டில் எப்படி எழுதியிருந்தாலும், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.