மந்த காலமும் பிரயாணிகளின் பணப்பையும்

ஊர் சுற்றுவோருக்கும் தறியில் அமர்ந்திருப்போருக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்களில் சிலர் வினவக்கூடும். சம்பந்தம் உண்டு. விடுதிகளில் கட்டிலின்மீது விரிக்கும் விரிப்பும், குளியலறைத் துவாலையும் தறியிலிருந்து செல்பவை. அங்குச் சமைக்கும் காய்கறியும் தேங்காயும் தோட்டத்திலிருந்து செல்பவை. அறையில் ஆள் இல்லையெனில் இவற்றுக்கும் கிராக்கி இல்லை. ஆகவே, பொருளாதார மந்தத்தின்போது பிரயாணம் எவ்வாறு குறைகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

பிரயாணம் இருவகைப்படும். ஒன்று, தொழில் நிமித்தமாகக் கம்பெனிச் செலவில் செய்வது. மற்றொன்று, குடும்பத்தார் தம் சொந்தச் செலவில் செய்யும் உல்லாசப் பிரயாணம். மந்தம் இவ்விரண்டையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை.

வாணிபம் சுருங்கியதும் கம்பெனிகள் செலவைக் குறைக்க முற்படுகின்றன. கட்டடத்தின் வாடகையை ஒரு நாளில் குறைக்க இயலாது. ஆட்களை நீக்குவதும் எளிதன்று. பிரயாணச் செலவையோ ஒரே சுற்றறிக்கையால் நிறுத்திவிடலாம். எனவே அதுவே முதலில் வெட்டப்படுகிறது. உயர் வகுப்பில் சென்றவர் சாதாரண வகுப்புக்கு மாற்றப்படுகிறார். மூவர் சென்ற காரியத்துக்கு ஒருவர் செல்கிறார். கட்டணத்தைக் குறைத்தாலும் இவர்கள் திரும்பி வருவதில்லை. பேசி முடிக்க வியாபாரம் இருந்தாலன்றோ வருவார்கள்!

உல்லாசப் பிரயாணியின் போக்கு வேறு. வேலை நிலைக்குமோ என்ற அச்சம் தோன்றியதும் அவர் முடிவைத் தள்ளிப்போடுகிறார். ஆயினும் விடுமுறையை அறவே கைவிடுவதில்லை. பத்து நாளை ஐந்தாக்குகிறார். தொலைதேசத்தை விட்டு அண்மையிலுள்ள ஊருக்குச் செல்கிறார். மலிவான விடுதியை நாடுகிறார். கட்டணம் இறங்கினால் இவர் மனம் மாறுவதும் உண்டு.

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் முறிந்ததையடுத்து மந்தம் உலகெங்கும் பரவியது. 2009இல் உலக வாணிபத்தின் அளவு 100க்கு ஏறக்குறைய 12 வீதம் சுருங்கியது. நாடு விட்டு நாடு சென்ற பிரயாணிகள் 2008இல் சுமார் 92 கோடியாக இருந்து, 2009இல் 88 கோடியாகக் குறைந்தனர். இது 100க்கு 4 வீதம் குறைவு. ஆனால் அவர்கள் செலவிட்ட தொகையோ, விலைவாசி மாற்றத்தைக் கழித்துப் பார்க்கையில், 100க்கு ஏறக்குறைய 6 வீதம் குறைந்தது. தலைகள் குறைந்ததைவிடப் பணம் அதிகமாகக் குறைந்தது என்பது இதன் பொருள்.

இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டார் தொகை 2008இல் சுமார் 52.8 இலட்சம், 2009இல் 51.7 இலட்சம். மந்தத்துடன் 2008 நவம்பரில் பம்பாயில் நடந்த தாக்குதலும் இதற்குக் காரணம். அதே காலத்தில், நம் நாட்டார் உள்நாட்டில் மேற்கொண்ட பிரயாணங்களோ சுமார் 56 கோடியிலிருந்து 67 கோடியாக உயர்ந்தன. இங்கு வளர்ச்சியின் வேகம் தளர்ந்ததேயன்றி, உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை. ஒரு வாயில் அடைபடும்போது மற்றொரு வாயில் திறந்திருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

அண்மையில் ஒரு சங்கத்தின் பழைய இருப்புப் பதிவேட்டைப் பார்வையிட நேர்ந்தது. ஒரே பெரிய விடுதியின் ஆர்டரை நம்பி, அவ்விடுதியின் பெயரைக் கரையில் இட்டு விரிப்புகளை நெய்திருந்தனர். 2009இல் விடுதி சரக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. பெயர் பொறித்த விரிப்பை வேறு யார் வாங்குவர்? சரக்கு அலமாரியில் கிடக்க, நூலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது. தறிகளுக்குப் பாவு கொடுக்கவும் பணமில்லை. அங்கத்தினர் கூலி வேலை தேடிப் போயினர்.

விடுதிக்காரரின் இடுக்கணும் நாம் அறிய வேண்டுவதே. இன்றிரவு காலியாய்க் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. மாலைக்குள் விலைபோகாத மல்லிகையைப் போன்றது அது. ஆகவே அவர் வாடகையைக் குறைக்கிறார்; குறைந்த வரவை ஈடுசெய்யச் சரக்குக் கொடுத்தவருக்குப் பணம் தருவதைத் தாமதிக்கிறார். அவருடைய நட்டம் இவ்வாறு நம் வாசலுக்கு வருகிறது.

2020இல் கொள்ளைநோயால் பிரயாணம் நின்றது வேறு வகை. அப்போது மூடியது பணப்பை மட்டுமன்று, நாட்டின் எல்லையுமாகும். ஆயினும், நேரில் செல்லாமலே திரைவழியே கூட்டம் நடத்தக் கம்பெனிகள் அப்போது பழகிக்கொண்டன. இனி ஒரு மந்தம் வருமாயின் வாணிபப் பிரயாணம் முன்னிலும் விரைவில் குறையக்கூடும்.

எனவே, விடுதிகளுக்குச் சரக்களிக்கும் சங்கங்கள் மூன்று காரியங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, அவ்விடுதியில் தங்குவோர் எவர் பணத்தில் தங்குகின்றனர் என்று விசாரித்தறிதல். இரண்டாவது, பெயர் பொறித்த சரக்குக்கு முன்பணம் பெறாமல் பாவு ஓட்டாதிருத்தல். மூன்றாவது, யாத்திரைத் தலங்களின் சிறு விடுதிகள், உள்ளூர்க் கடைகள் ஆகியவற்றையும் வாடிக்கையாகக் கொள்ளுதல்.

மந்தத்தைத் தடுப்பது நம் கையில் இல்லை. அது வரும் நாளில் நம் சரக்கு முழுவதும் ஒரே வாசலில் காத்துக் கிடக்காதபடி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஆர்டர் புத்தகத்தை எடுத்துவைத்து, நம் சரக்கில் எத்தனை பங்கு ஒரே வாடிக்கையாளருக்குச் செல்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பீர்களாக.