அடுப்படிக் கண்ணாடியில் படியும் கரி



அலங்காநல்லூர் போன்ற ஊர்களில் வடை, பஜ்ஜி போடும் கடைகளில் வாசலிலேயே விறகடுப்பு இருக்கும். அதை ஒட்டிப் பலகாரக் கண்ணாடிப் பெட்டி இருக்கும். பெட்டியின் மூன்று பக்கமும் பளிச்சென்றிருக்க, அடுப்புப் பக்கம் மட்டும் பழுப்பேறி, உள்ளே இருப்பது வடையா போண்டாவா என்று தெரியாது. தினமும் வருபவர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஜல்லிக்கட்டு நாளில் வெளியூரிலிருந்து வருபவர் கண்ணாடியைப் பார்த்தே அடுத்த கடைக்கு நடந்து விடுகிறார்.

நாம் அறிந்த கடை ஒன்றில் மாலை வியாபார நேரத்தில், சூடாக இருந்த கண்ணாடியைப் பையன் ஈரத் துணியால் துடைத்தான். 'டக்'கென்று கண்ணாடி விரிந்து சில்லுகள் தட்டில் விழுந்தன. போட்டு வைத்திருந்த பலகாரம் முழுவதையும் குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை, ஒரு சில்லு வாடிக்கையாளர் வாயில் பட்டால் கடையின் பெயரே போய்விடும். சாதாரணக் கண்ணாடியில் ஓரிடம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால் அவ்விடம் சுருங்குகிறது. சுற்றியுள்ள சூடான பகுதி சுருங்காமல் இழுக்கிறது. அதனால்தான் விரிசல். ஆகவே கண்ணாடியைக் கையால் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறிய பிறகே துடைக்க வேண்டும். காலையில் அடுப்பு மூட்டுமுன் செய்வது உத்தமம்.

இந்தக் கறை வெறும் கரித்தூள் அன்று. ஈர விறகு எரியும்போது அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, விறகிலிருந்து கிளம்பும் வாயு முழுதும் எரியாமல் புகையாகிறது. அப்புகையிலுள்ள தார் போன்ற பிசின், கண்ணாடியில் ஒட்டிக் கொள்கிறது. எண்ணெய்ச் சட்டியின் ஆவியும் அதன்மேல் சேர்ந்தால் சோப்புத் தண்ணீருக்கும் எளிதில் அசையாது. மரக்கரி போடும் டீ பாய்லர் பக்கம் இத்தொல்லை குறைவு. விறகு கரியாகும்போதே பிசினில் பெரும்பகுதி வெளியேறி விடுகிறது.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வைக்கும் விறகடுப்புக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. அவர்களுக்கும் இதே கறைதான். அதை அவர்கள் துடைப்பது, அடுப்புச் சாம்பலைக் கொண்டே! நம் வீட்டில் பாத்திரம் துலக்கிய அதே சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் இருக்கிறது. அது எண்ணெய்ப் பசையைச் சோப்புப் போலாக்கிக் கரைக்கிறது.

முதல் நாளைய, நெருப்பு முற்றிலும் அணைந்த சாம்பலை மெல்லிய துணியில் சலித்துக் கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளை நனைத்துப் பிழிந்து, சாம்பலில் ஒற்றி, வட்டமாக மெதுவாகத் தேய்த்தால் கறை பழுப்பாகக் கழன்று வரும். பிறகு சுத்தமான ஈரத் துணி, கடைசியில் உலர்ந்த துணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கொண்டால் விரல் எரியாது. (செய்தித்தாள் துடைப்பதற்கு மட்டுமே, அதில் வடை கட்டிக் கொடுப்பது கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவித்திருக்கிறது.)

நெல் உமிச் சாம்பலை மட்டும் தொடாதீர்கள். அதில் பெரும்பகுதி மணலின் சத்தான சிலிக்கா. கண்ணாடியில் கீறல் விழும். கம்பி நாரும் அப்படியே. கீறிய இடத்தில் மறுநாளே கரி இன்னும் உறுதியாகப் பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் சாம்பல் தண்ணீர் தங்கினால் அது கறுத்துப் போகும். உடனே கழுவி விடுங்கள். பிளாஸ்டிக் தகடு வைத்த பெட்டிக்கு இந்த வைத்தியம் ஆகாது. சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும்.

கறை வராமல் தடுப்பதே லாபம். சீமைக் கருவேல விறகானாலும், பச்சையாக வாங்கி அன்றே எரிக்காமல், பிளந்து வெயிலில் சில மாதம் காய வைத்த விறகாக எரியுங்கள். காய்ந்த கட்டை இரண்டைத் தட்டினால் 'கணீர்' என்று கேட்கும்; ஈரமானது மந்தமாகவே ஒலிக்கும். அடுப்பு வாயில் விறகைத் திணித்துக் காற்றை அடைக்க வேண்டாம். இடமிருந்தால் அடுப்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். தகரத்தில் கரி படிந்தால் வாடிக்கையாளர் யாரும் கேட்கப் போவதில்லை.