டாக்ரோலிமசு

டாக்ரோலிமசு என்பது மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கப்படும் நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்தாகும். சப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் இசுட்ரெப்டோமைசசு இனப் பாக்டீரியாவிலிருந்து 1984-ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது.

செயல்படும் முறை

புதிய உறுப்பை அயற்பொருளாக இனங்காணும் டி உயிரணுவினுள் கால்சியம் அளவு உயர்ந்து, கால்சினியூரின் என்னும் நொதி தூண்டப்படுகிறது. இதன் விளைவாக இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் உருவாகிறது. அது டி உயிரணுக்களைப் பெருகச் செய்கிறது. பெருகியவை உறுப்பைத் தாக்குகின்றன. டாக்ரோலிமசு, உயிரணுவிலுள்ள எஃப்கேபிபி-12 புரதத்துடன் இணைந்து கால்சினியூரினைத் தடுக்கிறது.

சைக்ளோசுபோரின் மருந்து, சைக்ளோபிலின் என்ற வேறொரு புரதத்துடன் இணைந்து இதே நொதியைத் தடுக்கிறது. எனவே இவ்விரண்டும் சேர்த்துக் கொடுக்கப்படுவதில்லை. சேர்த்தால் சிறுநீரகப் பாதிப்பே மிகும். மாறாக, உயிரணு பெருகத் தேவையான டிஎன்ஏ உருவாக்கத்தைத் தடுக்கும் மைக்கோபீனோலேட்டு வேறு படிநிலையில் செயல்படுவதால், டாக்ரோலிமசுடன் சேர்த்துத் தரப்படுகிறது.

பிற மருந்துகளுடன் இடைவினை

கல்லீரலிலும் குடலிலும் உள்ள சிஒய்பி3ஏ நொதிகள் டாக்ரோலிமசைச் சிதைக்கின்றன. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இந்நொதிகளை மிகுவிப்பதால், இரத்தத்தில் டாக்ரோலிமசின் அளவு குறைந்து உறுப்பு நிராகரிக்கப்படலாம். கீட்டோகோனசோல், எரித்ரோமைசின், கிரேப்ஃபுரூட் பழச்சாறு ஆகியவை இந்நொதிகளைத் தடுப்பதால் அளவு உயர்ந்து, கைநடுக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். மாத்திரையின் அளவு மாறாவிட்டாலும் இவ்விளைவுகள் நேரலாம். ஆகவே புதிய மருந்து எதையும் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இரத்தத்தில் டாக்ரோலிமசின் அளவைச் சோதித்தல் அவசியமாகும்.