தார்ச்சாலையில் தேயும் பெட்டி

பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டை விட்டு மர்பி டவுன் பக்கம் ஒரு ஜீப் ஒடித்துத் திரும்பும்போது, அதன் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் ஓடும் என்பது பலருக்குத் தெரியும். அதைச் சமாளிக்கத்தான் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. பின்சக்கரங்களைவிட முன்சக்கரங்கள் அதிகம் ஓடுகின்றன என்பதுதான் கவனத்துக்கு வருவதில்லை. மஹிந்திரா தார் போல அச்சுக்கு அச்சு சுமார் இரண்டரை மீட்டர் இடைவெளி உள்ள வண்டி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து யூ-டர்ன் அடித்தால், முன் அச்சு ஏறக்குறைய 2 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. கிட்டத்தட்ட சக்கரத்தின் ஒரு முழுச் சுற்று அது.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் இதனால் தொல்லை இல்லை. முன்சக்கரங்கள் தம் போக்கில் உருண்டுகொள்ளும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அந்த ஒரு சுற்று எங்கே போகும்? டிரான்ஸ்ஃபர் கேஸ் ஏன் தேய்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாதி பதில் இதில்தான் இருக்கிறது.

கியர்பாக்ஸின் வால்பகுதியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் உலோகக் கூடுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸிலிருந்து ஒரே ஷாஃப்டில் வரும் விசையை இது இரண்டாகப் பிரிக்கிறது: பின் அச்சுக்கு ஒரு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், முன் அச்சுக்கு இன்னொன்று. ஜீப் வகை வண்டிகளில் இதே கூட்டுக்குள் 'ஃபோர் லோ' பல்சக்கரங்களும் இருக்கும். அதைப் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும், இழுவை அதே அளவுக்குப் பெருகும். என்ஜினைக் குறுக்கே வைத்த ரெனோ டஸ்டர் போன்ற வண்டிகளின் ஏற்பாடு வேறு. அவற்றின் முன்பக்கம் சிறிய பிரிப்பான் ஒன்றுதான் உண்டு.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்தப் பெட்டிக்குள் இருந்தவை பற்சக்கரங்கள் மட்டுமே. ஊளையிடும், ஆனால் எதையும் தாங்கும். 1947-இல் மும்பையில் மஹிந்திரா நிறுவனம் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளும் அந்த வம்சம்தான். 1970-களிலிருந்து உள்ளே அகலமான எஃகுச் செயின் வந்தது. சத்தம் குறைந்தது, எடையும் குறைந்தது. இன்று இந்திய வண்டிகளுக்கு இந்தப் பெட்டியைச் செய்து தரும் திவ்கி டார்க்டிரான்ஸ்ஃபர் புனே நிறுவனம். அதன் ஆலை ஒன்று கர்நாடகத்தின் சிர்சியிலேயே இருக்கிறது.

மர்பி டவுன் நாக்ஸ்பேட்டையாக இருந்த காலத்திலிருந்தே தமிழர் வாழும் பகுதி. அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம். ராணுவத்துக்கென்றே ஜபல்பூரில் செய்த ஜோங்காவும், 1985-இல் சந்தைக்கு வந்த மாருதி ஜிப்ஸியும் இந்தப் பக்கத்துக்குப் பழகிய முகங்கள். இப்போது அதே தெருக்களில் விலையுயர்ந்த ஆல்-வீல் டிரைவ் வண்டிகளும் நிற்கின்றன. பழையதோ புதியதோ, இந்தப் பெட்டி சாவது மலையிலும் சேற்றிலும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதைக் கொல்வது காய்ந்த தார்ச்சாலை.

சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலில் முன்னுக்கும் பின்னுக்குமான கணக்கு நேராகிவிடும். தாரில் டயர் வழுக்காது. நெம்புகோலை, வேகம் குறையாமல் நான்கு சக்கரமும் இழுக்கும் 'ஃபோர் ஹை'யில் போட்டு மறந்துவிட்டு நகருக்குள் திரும்பித் திரும்பி ஓட்டினால், கணக்கில் விடுபட்ட ஒவ்வொரு சுற்றும் ஷாஃப்டிலும் செயினிலும் கயிறு திரிப்பதுபோல முறுக்காக ஏறும். நெம்புகோல் பிடித்துக்கொண்டு வெளியே வராது. அப்போது அதை அடித்து இழுக்கக் கூடாது. வண்டியை நேராகச் சில மீட்டர் ரிவர்ஸில் எடுத்தால் முறுக்கு விட்டு, தானே கழன்று வரும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இந்த வேறுபாட்டை நடு டிஃபரன்ஷியலோ, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகளோ ஏற்கின்றன. பிஎம்டபிள்யூ 2003-இல் கொண்டுவந்த எக்ஸ்டிரைவ் இரண்டாம் வகை. இந்தக் கிளட்ச் வகைக்குப் பெரிய எதிரி டயர். பணம் மிச்சம் என்று இரண்டு டயரை மட்டும் மாற்றுகிறோம். புது டயரில் 8 மில்லிமீட்டர் பட்டன், பழையதில் 3 என்று வையுங்கள். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். 360 மில்லிமீட்டர் ஆரமுள்ள டயருக்கு, சிறியது கிலோமீட்டருக்கு ஆறு சுற்று அதிகம் சுற்ற வேண்டும். சென்னைக்குப் போய்ச் சேரும் 350 கிலோமீட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேல். நேர் சாலையிலேயே தட்டுகள் ஓயாமல் உரசுகின்றன, எண்ணெய் காய்கிறது, பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது வண்டி திக்கித் திக்கி உதறுகிறது.

இந்த உதறலைச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவரிடம் மர்பி டவுன் மெக்கானிக் சொன்னது எனக்குப் பிடித்தது: "மொதல்ல டயரப் பாக்கலாம் சார், அப்புறம் பெட்டியப் பத்திப் பேசலாம்." பிறகு எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். அதன் நுனிக் காந்தத்தில் மையைப்போல் கருஞ்சாம்பல் பூச்சு இருந்தால் அது வழக்கமான தேய்மானம். அன்று அதில் ஊசி ஊசியாக எஃகுச் சில்லுகள் நின்றன. எண்ணெயில் கருகிய வாடை. கூட்டைப் பிரித்ததும் செயினின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். தொளதொளவென்று உள்ளே போனது. செயின் நீண்டுவிட்டது என்கிறோம், எஃகு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் மயிரிழை தேய்கின்றன. கண்ணிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் எண்பது கண்ணிக்கு 8 மில்லிமீட்டர். தொய்ந்த செயின் கூட்டின் உட்சுவரை அறுக்கும்; ஏற்றத்தில் பல் தாண்டி 'கடக்' என்று அடிக்கும்.

எல்லாச் சத்தமும் பெட்டியினுடையதல்ல. ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்தாலும், கியர்பாக்ஸ் மவுண்ட் கிழிந்தாலும் இதே போல இடிக்கும். மின்னணு வகையில் கிளட்சை அழுத்தும் சிறு மோட்டார் மட்டும் போயிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் பெட்டியை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மாற்றுவது என்று முடிவானால், வேலை பொறுமையைக் கேட்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, எண்ணெய் வடித்து, இரண்டு ஷாஃப்டையும் எடுக்க வேண்டும். எடுக்குமுன் ஃபிளாஞ்சில் பெயின்ட் கோடு போடுவது முக்கியம். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் அதிர்வு புதிதாகப் பிறக்கும். குறுக்குச் சட்டத்தைக் கழற்றும்போது கியர்பாக்ஸுக்கு ஜாக்கி முட்டு தேவை. முப்பது, நாற்பது கிலோ பெட்டி நேர்கோட்டில் பின்னால் நழுவி வர வேண்டும். வந்ததும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் ஸ்ப்லைன் பற்களைப் பாருங்கள்: அவை கூராகத் தேய்ந்திருந்தால் புதுப்பெட்டியையும் கெடுக்கும். இடையிலுள்ள ஆயில் சீலை இப்போதே மாற்றிவிட வேண்டும். பின்னால் ஒழுகினால் முழு வேலையும் மறுபடி. புதிய பெட்டி கையாலேயே முழுக்கப் பொருந்த வேண்டும். பொருந்தாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் அலுமினியக் காது உடையும்.

ஜே.சி. ரோட்டில் புதிய பாகம் கிடைக்கும். பழையது சிவாஜிநகர் குஜ்ரியிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடலாம். பழையது வாங்கினால் ஸ்ப்லைன் பற்களை எண்ணி, ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஆட்டம் பார்த்து வாங்குங்கள். எண்ணெயில் துணிந்து சொந்த யோசனை வேண்டாம். செயின் வகைகள் பலவற்றுக்கு ஏடிஎஃப் எனும் மெல்லிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், பற்சக்கர வகைக்குக் கனமான கியர் ஆயில், கிளட்ச் வகைக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய். கிளட்ச் வகையில் புதிய பெட்டியின் அளவுகளைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கவும் வேண்டும்.

முதல் சோதனை தாரில் வேண்டாம். மண் தரையில் 'ஃபோர் ஹை', 'ஃபோர் லோ' இரண்டையும் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, கீழே குனிந்து சீலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்று உறுதியான பிறகே வண்டி சாலைக்குப் போகலாம்.