குனிந்து பார்க்க ஒரு கட்டடம்

எங்கள் ஊர் ஐயங்கார்குளத்தில் அண்ணாந்து பார்க்கச் சஞ்சீவிராயர் கோயில் இருக்கிறது. குனிந்து பார்க்க நடவாவி என்ற படிக்கிணறு இருக்கிறது. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் குருவான லட்சுமிகுமார தாதாச்சாரியார்தான் 16ஆம் நூற்றாண்டில் கோயிலையும், அதை ஒட்டிய தாதசமுத்திரம் என்ற பெரிய குளத்தையும் ஏற்படுத்தினார். நடவாவியையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறோம்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கல் நுழைவாயில் மட்டும்தான் தெரியும். மேலே கஜலட்சுமி. அதைத் தாண்டினால் படிகள் பூமிக்குள் இறங்குகின்றன. முடிவில் தூண்கள் சூழ்ந்த மண்டபம். அதன் நடுவே கிணறு. வருஷத்தின் பெரும்பகுதி இந்த மண்டபம் தண்ணீருக்குள்தான் கிடக்கும்.

கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே வயதானவன் நான். கோபுரம் கட்டுகிறவனுக்குக் கனம்தான் கவலை. தன் பாரத்தைத் தானே தாங்கினால் போதும். தரைக்குக் கீழே கட்டுகிறவனை நாலு பக்கமும் ஈரமண் நெருக்கும். உள்ளே தண்ணீர் நிற்கும்வரை அது சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளி, மண்ணின் நெருக்கலைச் சரிக்கட்டும். தண்ணீரை இறைத்துவிட்டால் அந்தத் துணை போய்விடும். வெளியே மண்ணில் ஊறிய நீரோ உடனே வடியாது. ஒவ்வொரு வருஷமும் விழாவுக்காகத் தண்ணீரை இறைக்கும்போது இந்தச் சோதனையைத் தாங்கித்தான் நடவாவி நிற்கிறது. கருங்கல்லைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வெற்றி. நீரை அது அதிகம் உறிஞ்சாது. தூண், போதிகை, உத்திரம் எல்லாமே கல்லின்மேல் கல்லாக உட்காரும் வேலை.

படிக்கிணறு என்றதும் குஜராத்தைத்தான் சொல்வார்கள். பாடனில் உள்ள ராணி கீ வாவ் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நூறு ரூபாய் நோட்டிலும் அச்சாகிறது. நியாயமான பெருமைதான். ஆனால் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்திலேயே திருவெள்ளறையில் ஸ்வஸ்திக வடிவில் படிக்கிணறு வெட்டியிருக்கிறார்கள். இந்தக் கலை நமக்கு இரவல் இல்லை.

சித்ரா பௌர்ணமிக்கு முன் தண்ணீரை இறைப்பார்கள். அன்று காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் எழுந்தருளி, படியிறங்கி மண்டபத்தை வலம் வருவார். பிறகு பாலாற்றுக்குப் புறப்படுவார். தூண் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூட்டம் கலைந்த மறுநாள் வாருங்கள், தண்ணீர் ஊறி ஏறுவதற்குள்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் வைத்து அவசரமாக இறைக்காமல், சில நாள் முன்பே தொடங்கி மெதுவாக இறைக்க வேண்டும். வெளிமண்ணும் கூடவே வடிய நேரம் கிடைக்கும். கல் இடுக்குகளில் யாரும் சிமெண்ட் பூசக் கூடாது. நீர் கசிந்து வெளியேறும் வழியை அது அடைத்துவிடும். பார்க்க வருகிறவர்கள் தூணில் கற்பூரம் ஏற்றாமல், பிளாஸ்டிக் பாட்டிலைக் கிணற்றில் போடாமல் மேலேறி வாருங்கள்.