போதை ஊசிக்கு ஓர் அறை: சட்டம் இடம் தருமா?

புது தில்லி: தலைநகரின் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள யமுனா பஜார் பகுதியில், அனுமார் கோயிலைச் சுற்றியும் மேம்பாலத்தின் அடியிலும் படுத்துறங்கும் வீடற்றோரில் ஒரு பகுதியினர் போதை ஊசிக்கு அடிமையானவர்கள். ஹெராயின் வாங்க வசதியில்லாதவர்கள் புப்ரினார்பின் என்ற வலிநிவாரணி, டயசெபாம் என்ற தூக்க மருந்து, ஒவ்வாமைக்குத் தரப்படும் அவில் ஆகியவற்றைக் கலந்து நரம்பில் ஏற்றிக் கொள்கின்றனர். போலீஸார் வருவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் ஒருவர் போட்ட ஊசியே அடுத்தவர் கைக்குப் போகிறது. பிறகு சாலையோரத்தில் விழுகிறது. மறுநாள் காலையில் அவ்வழியே குப்பை பொறுக்க வரும் சிறுவர்கள் செருப்பு அணிந்திருப்பதில்லை.

இதற்கு மாற்றாக, செவிலியர் கண்காணிப்பில், தூய ஊசியால், தனி அறையில் போதை மருந்தை ஏற்றிக் கொள்ள அனுமதிக்கும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. மருந்தை மையம் தருவதில்லை. வருபவரே கொண்டு வருகிறார். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986-ல் தொடங்கிய இம்முறை சிட்னிக்கு 2001-லும், கனடாவின் வான்கூவருக்கு 2003-லும் சென்றது. வான்கூவர் மையத்திலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள், அளவு மீறிய போதையால் நேரும் இறப்புகள் 35 சதவீதம் குறைந்தன என்றும், நகரின் பிற பகுதிகளில் 9 சதவீதமே குறைந்தன என்றும் 2011-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. தெருவில் ஊசி போடுவோரும், வீசி எறியப்படும் ஊசிகளும் குறைந்ததை முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. எனினும் அதே கனடாவில் ஒன்டாரியோ மாநில அரசு, பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் 200 மீட்டருக்குள் இத்தகைய மையங்கள் இயங்குவதற்கு 2025 மார்ச் இறுதியுடன் தடை விதித்தது. அக்கம்பக்கத்தாரின் அச்சத்தை எந்த அரசும் புறந்தள்ளிவிட முடிவதில்லை.

இந்தியாவில் அத்தகைய அறை எதுவும் இல்லை. திறக்க எவரேனும் முன்வந்தாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் குறுக்கே நிற்கும். ஹெராயினை உட்கொள்வோருக்கு அச்சட்டத்தின் 27-வது பிரிவின்படி ஓராண்டு வரை கடுங்காவலோ, ரூ.20 ஆயிரம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தம் பொறுப்பிலுள்ள வீட்டையோ அறையையோ அக்குற்றத்துக்குத் தெரிந்தே பயன்படுத்த விடுபவருக்கும் 25-வது பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது. பக்கத்தில் செவிலியர் நின்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றம் நடக்கும் அறைதான்.

மணிப்பூர் கற்றது: ஆயினும் இக்கேள்வி இந்தியாவுக்குப் புதியதல்ல. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1960-களில் குடியேறிய எல்லை ஊரான மோரே வழியாக, 1980-களில் தூய ஹெராயின் மணிப்பூருக்குள் புகுந்தது. 'நம்பர் ஃபோர்' என்று அங்கு அழைக்கப்படும் இது ஊசியில் ஏற்றுவதற்கு எளிதானது. 1989 வரை சோதனைகளில் எச்.ஐ.வி. காணப்படாத போதை ஊசிப் பழக்கத்தினரிடையே, ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அக்கிருமி தொற்றியிருந்தது.

ஊர் முதலில் செய்தது துரத்துவதுதான். பெற்றோரே பிள்ளைகளைப் போலீஸாரிடம் ஒப்படைத்தனர். தீவிரவாத அமைப்புகள் துப்பாக்கியால் சுட்டுத் தண்டித்தன. பழக்கம் நிற்கவில்லை, மறைவிடம்தான் மாறியது. சிரிஞ்சுடன் பிடிபட அஞ்சியவர்கள் கண் சொட்டு மருந்துக் குழாயில் ஊசியைச் செருகி, பலர் சேர்ந்து ஒன்றையே பயன்படுத்தினர். பின்னர் நோய் வீட்டுக்குள் வந்தது. போதையின் பக்கமே போகாத மனைவியரும், அவர்கள் வழியே குழந்தைகளும் பாதிக்கப்பட்டனர். ஊரின் மனத்தை அசைத்தது இந்த இளம் விதவைகளின் நிலையே எனலாம்.

பழக்கத்திலிருந்து மீண்டவர்களே 1991-ல் இம்பாலில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1996-ல் மணிப்பூர் அரசு, நாட்டிலேயே முதலாவதாகத் தனி எய்ட்ஸ் கொள்கையை வகுத்து, தூய ஊசி வழங்குவதற்கு இடமளித்தது. பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பெறுவது, புண்களுக்கு மருந்திடுவது, சற்று இளைப்பாறுவது என மையங்கள் இயங்கத் தொடங்கின. முன்னாள் பழக்கத்தினரே தெருத் தெருவாகச் சென்று வீசப்பட்ட ஊசிகளைச் சேகரித்தனர். மணிப்பூரில் இப்பிரிவினரிடையே எச்.ஐ.வி. தொற்று 2017-ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. இச்சரிவு முழுவதும் திட்டத்தின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. முதலில் தொற்றுக்கு ஆளானவர்களில் பலர் இறந்துவிட்டனர் என்பதும் அக்கணக்கில் அடங்கும்.

மிஸோரமில் நிலைமை வேறு. அங்கும் இதே திட்டம்தான். ஆனால் 2017-ல் தொற்று ஏறத்தாழ 20 சதவீதமாக இருந்தது. தேவாலயங்களும் இளைஞர் சங்கமும் வலுவாக உள்ள அம்மாநிலத்தில், சங்கத் தொண்டர்களே போதைப் பொருளைத் தேடிப் பிடிக்கின்றனர். ஊர்ப்பற்றில் செய்வதுதான் அது. எனினும் அந்தக் கண்ணுக்குப் படாமல் இருக்க விரும்புபவர் ஊசி வாங்க மையத்துக்கு வரவும் தயங்குவார்.

மத்திய அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ), 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்டத் திட்டத்தில் இம்முறையை நாடு முழுவதும் விரிவுபடுத்தியது. ஊசிக்குப் பதிலாக நாவின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையும் அதில் சேர்ந்தது. 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் போதை ஊசி போடுவோரை சுமார் 8.5 லட்சம் பேர் என மதிப்பிட்டது. 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, ஊசி வழங்குபவரையும் பெறுபவரையும் வழக்குகளிலிருந்து காக்கிறது. ஆக, ஊசியைக் கொடுக்கலாம்; அதே மையத்தில் அதைப் போட்டுக் கொள்ள விட்டால் 25-வது பிரிவு பாயும். வாங்கியவர் மீண்டும் பாலத்தின் அடிக்கே செல்கிறார்.

இத்தகைய மையங்களுக்கு வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. தெருவில் ஊசி கிடக்கிறது என்று புகார் செய்பவர்களும், அதைப் பொறுக்கும் மையம் தம் தெருவுக்கு வரக் கூடாது என்பவர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தெருவிலிருந்து எத்தனை ஊசிகள் அகற்றப்பட்டன என்ற கணக்கு அவர்களிடம் காட்டப்படுவது அரிது. மையம் என்றதும் வாசலில் நிற்கும் கூட்டம்தான் அவர்கள் கண்ணில் படுகிறது.

சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு போதைப் பொருள் வைத்திருப்போரைக் குற்றவாளியாகக் கருதாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று 2021-ல் சமூக நீதி அமைச்சகம் பரிந்துரைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் போதைப் பொருள் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது 27-ஏ பிரிவில் நேர்ந்த வரைவுப் பிழையைச் சரிசெய்ததோடு அது முடிந்தது. 25-வது பிரிவும், 27-வது பிரிவும் தொடப்படவில்லை.