ஆறு திங்கள் மருந்து எதற்கு?

மருத்துவம் பயிலும் மாணாக்கர் கிருமிநூல், நோய்நூல், நோயெதிர்ப்பு நூல், மரபுநூல், மருந்துநூல் என்னும் ஐந்தையும் வெவ்வேறு புத்தகங்களிற் கற்று, வெவ்வேறு நாட்களில் மனனம் செய்கின்றனர். நோயாளியோ ஐந்து கூறாய்ப் பிரிந்து வருவதில்லை. அவன் கேட்கும் ஒரு வினாவுக்கு ஐந்து நூல்களும் கூடியே விடையிறுக்க வேண்டியிருத்தலைக் காசநோய் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

வினா இது. காசநோயாளி ஒருவன் மருந்துண்ணத் தொடங்கி இரண்டு திங்களாயின. காய்ச்சல் நீங்கியது, இருமல் தணிந்தது, சளியிற் கிருமி காணப்படவில்லை. “ஐயா, எனக்குத்தான் குணமாகிவிட்டதே! இன்னும் நான்கு திங்கள் எதற்காக விழுங்க வேண்டும்?” என்கின்றான். “விதி அப்படி” என்று மட்டும் கூறும் மருத்துவர் அவனை மறுமுறை காண்பது அரிது.

கிருமியினின்று தொடங்குவோம். 1882 மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் இக்கிருமியைக் கண்டமை அறிவித்தார். இதன்மேல் மைக்காலிக் அமிலம் செறிந்த மெழுகுப் போர்வை ஒன்றுண்டு. ஆதலின் இதிற் சாயம் ஏறுதல் அரிது. ஏறிய செஞ்சாயம் அமிலத்தாற் கழுவினும் போகாது. இதனினும் கருதத்தக்கது இதன் சோம்பல். குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமி தக்க சூழலில் 20 நிமிடத்துக்கொருமுறை இரண்டாகப் பிளக்கும். காசக்கிருமிக்கு அதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். வளருங் கிருமியைக் கொல்லும் மருந்துகள் பல. உறங்குங் கிருமியைக் கொல்வன மிகச் சில.

நுரையீரலை அடைந்த கிருமியை மாக்ரோபேஜ் என்னும் விழுங்கணு உட்கொள்கின்றது. செரிக்கும் பை தன்னை அணுகாதவாறு தடுத்து, கிருமி அவ்வணுவினுள்ளேயே குடியேறுகின்றது. சில வாரங்களில் டி அணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து விழுங்கணுக்களைத் தூண்டுகின்றன. அவை கிருமியைச் சூழ்ந்து நின்று சிறு கழலையொன்றை எழுப்பும். அதன் நடுப்பகுதி அழிந்து பாலாடைக்கட்டி போல் வெளுத்து மெத்தென்றாகும். இவ்வழிவிற் பெரும்பங்கு நமது எதிர்ப்பாற்றலே செய்வது. எயிட்ஸ் நோயால் டி அணுக்கள் மிகக் குன்றியோர்க்கு நுரையீரலிற் குழி விழுதல் அரிதாயிருத்தல் இதற்குச் சான்று. திருடனைப் பிடிக்கக் காவற்காரன் வீட்டையே இடித்தது போலாம்! கட்டி போன்ற அப்பகுதியிற் காற்றுக் குறைவாதலின் கிருமி உறங்கிக் கிடக்கும். அது மூச்சுக்குழலில் உடைந்து குழியானாலோ, காற்றுப் பெற்றுப் பெருகிச் சுமார் 10 கோடி ஆகிவிடும்.

இவ்விடத்து மரபுநூல் குறுக்கிடுகின்றது. மருந்தையே கண்டறியாத கிருமிகளுள்ளும், தற்செயலாய் நேர்ந்த மரபு மாற்றத்தால், ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று ஐசோனையசிட் என்னும் மருந்துக்கு அடங்காதது. 10 கோடியில் ஒன்று ரிபாம்பிசினுக்கு அடங்காதது. எனவே மேற்கூறிய குழியில் முன்னதற்கு அடங்காதன நூறு; பின்னதற்கு ஒன்று. இரண்டிற்கும் அடங்காதது வேண்டுமாயின் கோடியைக் கோடியாற் பெருக்கிய தொகையுள் தேடவேண்டும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அடங்கியவை மடிய, அடங்காதவை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது வெறுங் கணக்கன்று. 1943-இற் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரிட்டனில் 55 நோயாளிகளுக்குத் தனியே கொடுத்தனர். 52 பேர்க்குப் படுக்கை ஓய்வு மட்டுமே. ஆறு திங்களில் முன்னவருள் 4 பேரும் பின்னவருள் 14 பேரும் இறந்தனர் என்ற செய்தி 1948-இல் வெளிவந்தது. உலகம் மகிழ்ந்தது. ஐந்தாண்டு கழித்து எண்ணியபோதோ இறந்தோர் 32 பேரும் 35 பேருமாயினர். பலருடைய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் மாறியிருந்தன.

ஆகவே இக்காலத்து வழக்கமான முறையில் முதலிரு திங்கள் நான்கு மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. ஐசோனையசிட் மெழுகுப் போர்வையை நெய்யவொட்டாது தடுப்பதால், பெருகுங் கிருமிகளை முதற் சில நாட்களிலேயே வீழ்த்தும். பைராசினமைடு அமிலம் மிக்க இடத்துக் கிருமியைத் தாக்கும். ரிபாம்பிசின், சிறிது நேரமே விழித்து மீண்டும் உறங்கும் கிருமியையும் பிடிக்கும். எதாம்பியூட்டால் மற்றவற்றுக்குத் துணைநிற்கும். நோயாளியின் மரபும் கருதத்தக்கது: ஈரலில் ஐசோனையசிட் சிலர்க்கு விரைவிலும் சிலர்க்கு மெதுவாகவும் மாற்றப்படும். மெதுவானவர்க்குக் கைகால் மரத்துப்போதல் எளிதில் நேரும். பி6 வைட்டமின் அதனைத் தடுக்கும்.

இனி நம் நோயாளிக்கு விடை கூறலாம். “அப்பா, இருமலை உண்டாக்கிய கூட்டம் மடிந்தது. உறங்குவன சில எஞ்சியுள்ளன. அவை ஒரே நாளில் விழிக்கமாட்டா, ஒவ்வொன்றாய் விழிக்கும். விழிக்கும் நாளில் உன் இரத்தத்தில் மருந்து இருத்தல் வேண்டும். இன்று நிறுத்தினால் அவையே பெருகும். விட்டுவிட்டு உண்டால் அடங்காதவற்றை நீயே வளர்ப்பாய்.”

ஆறு என்னும் எண் மாறாததன்று. 1956-இற் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்பார் சானட்டோரியத்தில் இருப்பார்க்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைகின்றனர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியபோது, மருந்துக்காலம் ஓராண்டு. ரிபாம்பிசினும் பைராசினமைடும் சேர்ந்தபின் அது ஆறு திங்களாயிற்று. ரிபாபென்டின், மாக்ஸிஃப்ளாக்சாசின் என்பன சேர்ந்த முறையொன்று நான்கு திங்களிலேயே ஒத்த பயன் தருமென 2021-இல் வெளியான சோதனை காட்டிற்று.